பள்ளித் தட்டில் விழும் அன்னம்



இந்த மாத வகுப்புக்கு அன்னதானம் என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். அன்னதானம் என்றதும் நம் மனத்தில் வருவது கோயில் மண்டபம், வாழை இலை, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், பங்குனி உத்திரத்தன்று பெரிய அண்டாவில் கொதிக்கும் சாம்பார். இவையெல்லாம் நல்லவை, நம் அடையாளம். ஆனால் இந்தப் பாடத்தில் நான் பேச வருவது வேறொரு பந்தியைப் பற்றி. அது ஒவ்வொரு பள்ளி நாளும் காலையில் நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் நடக்கிறது. அங்கே மேளம் இல்லை, உபயக்காரர் பெயர்ப் பலகையும் இல்லை. பள்ளியில் எல்லாரும் அதை 'ஆர்.எம்.டி.' என்று சொல்வார்கள். முழுப் பெயர் ரஞ்சாங்ஙான் மாக்கானான் தம்பாஹான், தமிழில் துணை உணவுத் திட்டம்.

நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அந்த உணவு மேசைக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்ப்பது என் பணிகளில் ஒன்று. சமயம் சொல்லும் அன்னத்துக்கும் அந்தத் தட்டுக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

1. நம் நூல்கள் சொல்வது என்ன?

தைத்திரீய உபநிடதத்தில் பிருகு என்ற மகன், பிரம்மம் என்றால் என்ன என்று தன் தந்தை வருணனிடம் கேட்கிறான். தவம் செய்து நீயே கண்டுபிடி என்கிறார் தந்தை. தவத்தின் முடிவில் பிருகு முதலில் கண்டடைவது அன்னத்தை. உயிர்கள் பிறப்பதும் வாழ்வதும் அன்னத்தால்தான் என்று உணர்கிறான். பிறகுதான் பிராணன், மனம், அறிவு, ஆனந்தம் என்று மேலே போகிறான். இந்த வரிசையைக் கவனியுங்கள். அறிவுக்கு முன்னால் மனம், மனத்துக்கு முன்னால் உயிர்மூச்சு, எல்லாவற்றுக்கும் அடியில் சோறு. அடித்தளம் இல்லாமல் மேல்மாடி கட்ட முடியாது.

மணிமேகலை பௌத்தக் காப்பியம். ஆனாலும் தமிழர் எல்லாருக்கும் சொந்தமான கதை. அமுதசுரபியைக் கையில் ஏந்திப் பசித்தவர்களுக்கு உணவிட்ட மணிமேகலை, சிறைக்கோட்டத்தில் அடைபட்டவர்களுக்கும் உணவு தருகிறாள். செய்தி அறிந்த அரசன் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்போது, அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றித் தரச் சொல்கிறாள். நகையும் நிலமும் அவள் கேட்கவில்லை. பசி தீர்க்கும் வேலையை அரசனின் கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைக்கிறாள்.

வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு, இன்றும் அங்கே உணவு வழங்கப்படுகிறது. இதிலும் ஒரு செய்தி இருக்கிறது. பசி தினமும் வரும். ஆகவே சோறும் தினமும் வர வேண்டும். திருவிழாவுக்கு மட்டும் மூட்டும் அடுப்பு போதாது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கல்விக்கு அடித்தளம் உணவு, பசி தீர்ப்பது அரசின் கடமையும்கூட, அது அன்றாடம் நடக்க வேண்டும். பள்ளி உணவுத் திட்டத்தின் கொள்கையும் இதுதான்.

2. கோயிலிலிருந்து பள்ளிக்கு

பள்ளியில் உணவு தரும் வழக்கம் பல நாடுகளில் சமய அறமாகத்தான் தொடங்கியது. ஜப்பானில் 1889-இல் யமகாத்தா மாநிலத்துச் சுருவோக்கா ஊரில், ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் நடந்த பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்குத் துறவிகள் இலவச மதிய உணவு கொடுத்தார்கள். சோற்று உருண்டை, உப்பு மீன், ஊறுகாய், அவ்வளவுதான். பிறகு 1954-இல் ஜப்பான் பள்ளி உணவுக்கென்று சட்டமே இயற்றியது.

தமிழ்நாட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1920-இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மதிய உணவு தர முடிவெடுத்தது. ஒரு மாணவருக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. 1956-இல் முதலமைச்சர் காமராசர், ஊர்மக்களின் நன்கொடையையும் சேர்த்து, மதிய உணவை மாநிலம் முழுதும் கொண்டு போனார். 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-இல் அது 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டம் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்குமுன் சூடாகக் கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் அது அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2001 நவம்பர் 28-இல் இந்திய உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப்பள்ளியிலும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியிலும் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் என்று அளவும் சொன்னது. தருமமாகத் தொடங்கியது அன்று உரிமையாக மாறியது.

3. நம் நாட்டில்

மலேசியாவில் ஆர்.எம்.டி. 1970-களில் தொடங்கியது. அன்று அதன் நோக்கம் கிராமப்புற வறுமை. 1983-இல் பள்ளிப் பால் திட்டம் வந்தது. இன்று ஆர்.எம்.டி. நாடு முழுதும் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் தொடக்கப்பள்ளிகளில் நடக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், பூர்வகுடிப் பிள்ளைகள், சிறப்புக் கல்வி மாணவர்கள் ஆகியோருக்கு உரியது. செலவைக் கல்வி அமைச்சு ஏற்கிறது. சமைத்துப் பரிமாறுவது சிற்றுண்டிச்சாலை நடத்துநர் அல்லது அதற்கென்று நியமிக்கப்பட்டவர்.

ஒரு பிள்ளையின் ஒரு நாள் உணவுக்குத் தீபகற்பத்தில் 2 வெள்ளி 50 காசு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் 3 வெள்ளி 50 காசாக உயர்ந்தது. சபா, சரவாக்கில் 3 வெள்ளியிலிருந்து 4 வெள்ளியானது.

"மூணரை வெள்ளிதானே, அது என்ன பெரிய காசா?" என்று சிலர் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். மாதத்தில் 20 பள்ளி நாள் என்று வைத்துக்கொள்வோம். 3.50-ஐ மூன்றாலும் இருபதாலும் பெருக்கினால் 210 வெள்ளி. கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது வீட்டு வாடகையில் ஒரு பங்கு, அல்லது மாதம் முழுதுக்கான மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் இருந்தன. கோழி வளர்த்தார்கள். மாடும் இருந்தது. சம்பளம் குறைவுதான், ஆனால் முட்டைக்கும் பாலுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிக்கு வந்த பிறகு, பத்தாவது மாடியில் எங்கே முருங்கை நடுவது? எல்லாமே காசு. யுனிசெப் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழும் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதைக் காட்டியது. இரட்டைக் கோபுரம் தெரியும் தூரத்தில் இருக்கும் வீடுகள் அவை. நாடு முழுமைக்கும் எடுத்த 2019-ஆம் ஆண்டு சுகாதார ஆய்விலும் இந்த வயதுப் பிள்ளைகளில் 21.8 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒருவர், வளர்ச்சி குன்றியிருந்தனர். இந்தப் பிள்ளைகள்தான் சில ஆண்டுகளில் முதலாம் ஆண்டில் வந்து உட்காருகிறார்கள்.

4. வயிறு நிறைவதும் சத்து சேர்வதும்

பசி என்றால் ஒட்டிய வயிறும் தெரியும் எலும்பும்தான் என்று நினைக்காதீர்கள். மெகி மீயும் சிராப் தண்ணியும் வயிற்றை நிறைக்கும். பிள்ளை குண்டாகக்கூட இருக்கும். ஆனால் புரதம், இரும்புச்சத்து, கால்சியம் இருக்காது. மேலே சொன்ன அதே அடுக்குமாடிகளில் ஒரு பக்கம் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், இன்னொரு பக்கம் எடை கூடிய பிள்ளைகள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மலிவாகக் கிடைப்பது மாவும் சர்க்கரையும் எண்ணெயும். விலை கூடியது மீன், முட்டை, காய், பழம்.

இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் போதிய உயிர்வளியைக் கொண்டு செல்லாது. பிள்ளை சோர்ந்து போகும், கவனம் நிற்காது. வகுப்பில் அதைப் பார்ப்பவர் 'சோம்பேறி' என்று பெயர் வைத்துவிடுவார். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை பத்து மணிக்கு மேசையில் தலை சாய்க்கும். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுவிடும். அதே பிள்ளை சாப்பிட்ட நாளில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கும். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் சுகாதார அமைச்சு சொல்லும் நல்ல தட்டு எளிமையானது. தட்டில் கால்பங்கு சோறு அல்லது மாவுப்பொருள், கால்பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று பள்ளிச் சுவரில் படம் ஒட்டியிருக்கும். அரசு தரும் உணவு இந்த அளவில் இருந்தால்தான் அது சத்துணவு. வெறும் மீ கோரெங்கும் நிறமேற்றிய தண்ணீரும் கொடுத்தால் கணக்கு சரியாகும், பிள்ளை வளராது.

5. வெட்கம் என்ற தடை

இத்தனை நல்ல திட்டம் இருந்தும் தகுதியுள்ள சில பிள்ளைகளுக்கு அது போய்ச் சேருவதில்லை. ஏன்? நான் பார்த்தவரை பெரிய காரணம் வெட்கம்.

ஓர் அப்பா என்னிடம் சொன்னார்: "டீச்சர், கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா எம்புள்ளைய ஓசிச் சோறு திங்கிறவன்னு மத்த புள்ளைங்க சொல்லக் கூடாது." அந்த மனிதரின் மானம் உண்மையானது. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவரிடம் நான் சொன்ன பதிலை உங்களிடமும் சொல்கிறேன். "ஐயா, இது யாரும் போடுற பிச்சை இல்ல. நீங்க கடையில சாமான் வாங்கும்போது வரி கட்டுறீங்க. இருபது வருஷமா இந்த நாட்டுக்கு உழைச்சிருக்கீங்க. அந்தக் காசுதான் உங்க புள்ள தட்டுல திரும்பி வருது." ஒரு வாரம் கழித்து அவர் பாரத்தை நிரப்பிக் கொடுத்தார்.

பிள்ளைகளின் வெட்கம் வேறு மாதிரி. தனி வரிசை, தனி மேசை, பெயர் கூப்பிட்டு அழைப்பது, 'ஆர்.எம்.டி. பிள்ளை' என்ற பட்டம். மூன்றாம் ஆண்டு வரை ஓடி வந்து சாப்பிடும் பிள்ளை ஐந்தாம் ஆண்டில் "பசிக்கல டீச்சர்" என்று சொல்ல ஆரம்பிக்கும். இங்கேதான் தமிழ்நாட்டுத் திட்டத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே காலை உணவு அந்த அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் எல்லாருக்கும் பொது. யார் ஏழை என்று பிரித்துக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரே பந்தி. நம் நாட்டிலும் 2019-இல் எல்லாத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கும் இலவசக் காலை உணவு என்ற அறிவிப்பு வந்தது. முழு அளவில் அது நடைமுறைக்கு வரவில்லை. எல்லாருக்கும் கொடுத்தால் செலவு கூடும், வசதி உள்ளவருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது ஒரு வாதம். தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் காசு மிச்சம், ஆனால் சில பிள்ளைகள் விடுபடுவார்கள், வெட்கமும் வரும் என்பது மறுவாதம். இரண்டையும் நேர்மையாக எடை போட வேண்டும். என் மனம் பொதுப்பந்திப் பக்கம்தான் சாய்கிறது. கோயில் அன்னதானத்தில் யாரும் சம்பளச் சீட்டைக் காட்டி உட்காருவதில்லை. அதனால்தான் அங்கே யாருக்கும் கூச்சம் இல்லை.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தட்டில் இருந்த முட்டையை மட்டும் மெல்லிய தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "தம்பிக்கு, டீச்சர். அவனுக்கு மூணு வயசு" என்றாள். உணவை இங்கேயே உண்ண வேண்டும் என்பது விதி. கெட்டுப் போகும் என்பதால் அது நல்ல விதியும்கூட. அதை அவளுக்குச் சொல்லிச் சாப்பிட வைத்தேன். ஆனால் ஏழு வயதில் அவள் செய்ய நினைத்ததுதான் தானம். இருப்பதில் சிறந்ததைக் கொடுக்க நினைத்தாள். தம்பியின் பசிக்குப் பள்ளித் திட்டம் பதில் சொல்லாது. அந்த இடத்தில்தான் சமூகம் வர வேண்டும்.

6. திட்டம் எட்டாத இடங்கள்

அரசாங்கம் செய்வதைப் பாராட்டுவோம். விடுபடும் இடங்களையும் தெரிந்துகொள்வோம்.

ஒன்று, ஆர்.எம்.டி. தொடக்கப்பள்ளியோடு முடிகிறது. ஆறாம் ஆண்டில் சாப்பிட்ட பிள்ளை முதலாம் படிவத்துக்குப் போகும்போது வறுமையும் கூடவே போகிறது, உணவு போவதில்லை. வேகமாக வளரும் வயது அது. பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து அதிகம் தேவைப்படும் வயதும் அதுதான்.

இரண்டு, பள்ளி விடுமுறை. சனி, ஞாயிறு, ஆண்டிறுதி விடுமுறை நாள்களில் அந்தத் தட்டு இல்லை.

மூன்று, சைவம். வெள்ளிக்கிழமை கோழி வந்தால் நம் பிள்ளைகள் சிலர் வெறும் சோற்றைத் தின்று எழுந்துவிடுகிறார்கள். புரதம் போச்சு. தௌஃபூ, தெம்பே, பருப்பு, கடலை இவையெல்லாம் மலிவான புரதம், எல்லா இனத்தவரும் உண்பவை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணிவாகக் கேட்டால் மாற்று ஏற்பாடு செய்யப் பெரும்பாலான நடத்துநர்கள் மறுப்பதில்லை. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

நான்கு, பாரம். வருமான விவரம் பள்ளியின் மாணவர் தரவுத்தளத்தில் சரியாக ஏறியிருக்க வேண்டும். அப்பா வேலை இழந்தது, அம்மா தனித்து வாழ்வது போன்ற மாற்றங்கள் பதிவாகாவிட்டால் பிள்ளை வசதியுள்ளவர் பட்டியலிலேயே இருக்கும். மலாய்ப் பாரத்தைப் பார்த்துப் பயப்படும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் நம்மிடையே நிறைய.

7. நாம் செய்யக்கூடியது

பெரிய பணம் தேவைப்படாத ஐந்து வேலைகளைச் சொல்கிறேன்.

1. உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தியுங்கள். பாரம் நிரப்ப உதவி வேண்டிய குடும்பங்கள் உண்டா என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயரை வெளியில் பேசாதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

2. கோயிலில் ஒரு ஞாயிறு காலை, தேவார வகுப்புக்கு முன், எல்லாப் பிள்ளைகளுக்கும் பசியாறல் கொடுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டல், இட்லி, வாழைப்பழம் போதும். எல்லாருக்கும் என்பதுதான் முக்கியம்.

3. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் உபயம் கொடுக்கும் குடும்பங்களிடம், விடுமுறைக் காலத்து உலர் உணவுப் பைக்கு ஒரு பங்கு கேளுங்கள். பையில் மெகி வேண்டாம். பருப்பு, முட்டை, நெத்திலி அல்லது சோயா, பால்மாவு இருக்கட்டும்.

4. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் தம்பி தங்கைகளின் நண்பர்களைக் கவனியுங்கள். ஓய்வு நேரத்தில் எப்போதும் நூலகத்தில் உட்காரும் பிள்ளை எல்லா நாளும் படிக்கத்தான் போகிறது என்று நினைக்காதீர்கள்.

5. கோயில் அன்னதானத்தில் மிஞ்சுவதைக் குப்பையில் கொட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள். எத்தனை பேர் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். மிஞ்சும் அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும் காசு ஒரு வாரத்துக்கு எத்தனை முட்டை என்று போட்டுக் காட்டுங்கள். செயலவையினர் கேட்பார்கள்.

பூசை முடிந்து நைவேத்தியத்தை நாம் பிரசாதமாக வாங்கும்போது, அது யார் கொடுத்தது என்று கேட்டு வெட்கப்படுவதில்லை. இறைவன் கொடுத்தது என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பள்ளித் தட்டில் விழும் சோற்றையும் நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து உண்ணும் நிலையை உண்டாக்குவது நம் கையில் இருக்கிறது.

கலந்துரையாடலுக்கான கேள்விகள்

அ) பிருகு முதலில் அன்னத்தைக் கண்டடைந்ததற்கும் பள்ளியில் காலை உணவு கொடுப்பதற்கும் உள்ள தொடர்பை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள்.

ஆ) தருமம், உரிமை: இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரா, துணையா? மணிமேகலை அரசனிடம் கேட்டதை வைத்துப் பேசுங்கள்.

இ) ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் உணவு, எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு: இரு அணியாகப் பிரிந்து வாதிடுங்கள்.

ஈ) 3 வெள்ளி 50 காசுக்குள், கால், கால், பாதி என்ற அளவில், வெள்ளிக்கிழமைக்கு ஏற்ற ஒரு சைவத் தட்டைத் திட்டமிடுங்கள். சந்தைக்குப் போய் விலை கேட்டு எழுதி வாருங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது நான்காவது கேள்விக்கான விடையைக் காகிதத்தில் எழுதிக் கொண்டு வர வேண்டும். நல்ல மூன்று பட்டியல்களை ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் நாமே கொண்டு போய்க் கொடுப்போம்.